கேட்காத கேள்விக்கு 296 என்று விடையா?

2019 டிசம்பரில் மக்களவையில் சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் ஒரு கணக்குச் சொன்னார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் ஆங்கிலோ இந்தியர் 296 பேர். அதில் தமிழ்நாட்டில் 69 பேர். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் வெட்டரன் லைன்ஸ் தெருக்களில் ஒருமுறை நடந்தவர் யாரும் இதை நம்ப மாட்டார். 1951இல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த சமூகம் இது. 296 என்ற அந்த எண்ணின் துணையோடு 104ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரிக்குப் பின் நீட்டிக்கப்படவில்லை. நியமனம் வேண்டுமா என்பது தனி வாதம். நாம் கண்டிப்பது அந்த எண்ணை. 2011 கணக்கெடுப்புத் தாளில் ஆங்கிலோ இந்தியரா என்ற கேள்வியே கிடையாது. கேட்காமலே எண்ணியதை நாடாளுமன்றத்தில் சான்றாக வைத்தது பெரும் தவறு.

சட்டம் இவர்களிடம் கேட்பதோ கடுமையான சான்று. அரசியலமைப்பின் 366(2) பிரிவுப்படி தந்தை வழியில் ஒரு முன்னோராவது ஐரோப்பியராக இருந்திருக்க வேண்டும். அதை எங்கே தேடுவது? பிரிட்டனில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை நூறாண்டு கழித்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இங்கே மொத்த எண்கள் அச்சான பிறகு வீட்டுத் தாள்களைக் காக்கவில்லை. தந்தை வழி முன்னோர் மட்டுமல்ல, கொள்ளுப்பாட்டியின் பெயரும் எந்தக் கணக்கெடுப்பிலும் அகப்படாது.

அவள் பெயர் அகப்படக்கூடிய இடம் உயில். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் பட்டாளத்தின் பெயரும் இருக்கும். தமிழ்த் தாயின் இடம் பல நேரம் வெறுமையாகக் கிடக்கும். சாகும் தறுவாயில் சொத்தைப் பிரிக்கும்போதுதான் அந்த ஐரோப்பியச் சிப்பாயோ குமாஸ்தாவோ அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டி வந்தது. 1726 சாசனத்தின்படி மேயர் நீதிமன்றமும், 1801 முதல் அன்றைய மதராஸ் உச்ச நீதிமன்றமும், 1862 முதல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த உயில்களை மெய்ப்பித்தன. நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் அவற்றைப் பணம் கட்டி இணையத்தில் பார்க்கலாம். கிண்டியில் பிறந்தவர் தன் பாட்டியின் பெயரை அறிய வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறார். எழும்பூர் ஆவணக் காப்பகம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் இந்த நிலை. இது நமக்கு வெட்கக்கேடு.

இந்தக் குடும்பங்களைத் தேவைப்படும்போது அணைப்பதும் பிறகு தள்ளுவதும் ஆட்சிகளுக்குப் பழக்கம். 1680களில் தன் சிப்பாய்கள் தமிழ்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனால் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் தரச் சொன்னது கிழக்கிந்தியக் கம்பெனி. 1791இல் அதே கம்பெனி கலப்பினத்தாருக்கு உயர் பதவிகளின் கதவை அடைத்தது. ஆனால் நிலத்தை அளக்க அவர்கள் வேண்டியிருந்தார்கள். 1794இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்கு முதல் மாணவர்கள் சிப்பாய்களின் பிள்ளைகளை வளர்த்த அனாதை விடுதியிலிருந்தே வந்தார்கள். 1920இல் கிண்டிக்கு வந்த பொறியியல் கல்லூரி அந்தப் பள்ளியின் தொடர்ச்சிதான். 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்ப்டனுக்குத் துணை நின்ற ஜோஷுவா டி பென்னிங் அந்தப் பள்ளியில் பயின்றவர். நாட்டையே அளந்து கொடுத்த சமூகத்தைத்தான் நாம் 296 என்று அளந்து முடித்துவிட்டோம்.

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரப்போகிறார். 1931க்குப் பின் முதல் முறையாக எல்லாருடைய சாதியும் கேட்கப்படும் கணக்கெடுப்பு இது. அதில் ஆங்கிலோ இந்தியர் என்ற விடைக்குத் தனிக் குறியீடு கொடுத்து, சமூகத்தைக் கேட்டெழுதக் கணக்கெடுப்பாளருக்கு மத்திய அரசு உத்தரவிட வேண்டும். 296 என்ற எண்ணை நாடாளுமன்றத்திலேயே திரும்பப் பெற வேண்டும். தமிழக அரசும் தன் பங்குக்கு, சென்னையில் எஞ்சியிருக்கும் பழைய உயில் ஏடுகளுக்குப் பெயர்வாரி அட்டவணை தயாரித்து, கட்டணமின்றி இணையத்தில் வைக்கட்டும். அந்தத் தாள்கள் ஆண்டுக்கு ஆண்டு பொடிந்துகொண்டிருக்கின்றன.