பனிமலைக்கும் ஒரு தொடர் வைப்பு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் எங்களுக்கு விடுமுறை என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக ஒரே பொருள்தான்: ஊருக்குப் போவது. மே மாதத்தில் பள்ளிகள் மூடியதும், தாதரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாளுக்கியா விரைவு வண்டியில் மூட்டை முடிச்சுகளுடன் ஏறுவோம். கோயில் கொடை, காதுகுத்து, திருமணம், பங்காளிகளின் பழைய வழக்கு என ஒரு மாதம் ஓடிவிடும். திரும்பி வரும்போது கையிருப்பு கரைந்திருக்கும்.

இவ்வாண்டு எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: “பனிமலைக்குப் போவோமா? பார்ப்பதற்கு மட்டுமன்று, சறுக்குவதற்கும்.” பெரியவர்கள் நகைத்தார்கள். “உருகிப் போவதற்கா பணம்?” என்றார் ஒருவர். அக்கேள்வி பல நாள்கள் எங்களை விட்டு அகலவில்லை. அடுத்த தெருக்களில், தாராவியின் தொழிற்கூடங்களில், தோல் மேலங்கிகள் தைக்கப்படுகின்றன. குளிர்நாட்டுக்கு ஏற்ற உடையைத் தைக்கும் கைகளுக்குக் குளிர்நாட்டைக் காணும் உரிமை இல்லையா?

உண்டு என்பதே எங்கள் கருத்து. ஊர்ப்பயணம் ஓய்வன்று, கடமை. கடமையை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும் இங்கே ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்கள் ஊரிலும் அடுப்படியில்தான் நிற்கிறார்கள். எங்கள் வீட்டு அம்மா இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சமைக்காத ஒரு வாரத்தைக் கண்டதில்லை. அந்த ஒரு வாரத்துக்காகவேனும் திட்டமிடலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கே போவது? பனி என்றதும் திரைப்படப் பாடல்கள் நம் நினைவில் பதித்திருப்பது சுவிட்சர்லாந்து. ஆல்ப்ஸ் மலைக்குச் செல்ல ஷெங்கன் விசா வேண்டும். வயது வந்த ஒருவருக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும், வங்கிக் கணக்கு அறிக்கையும் காட்ட வேண்டும். நால்வர் கொண்ட குடும்பம் வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே 360 யூரோ செலவாகிவிடும். முதல் பனியை நம் நாட்டிலேயே காண்பதுதான் அறிவுடைமை.

நம் நாட்டில் பனிச்சறுக்குக்கு முதன்மையான இடம் காஷ்மீரின் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். அங்குள்ள கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தி, முதற்கட்டத்தில் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலுள்ள அஃபர்வாட் மலைக்கும் ஏற்றிச் செல்கிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குளிர்காலத்தில் புதியவர்களுக்கும் வகுப்புகள் நடத்துகிறது. பனியில் நின்று படம் எடுத்துத் திரும்புவதைவிட, விழுந்தெழுந்து ஒரு கலையைக் கற்று வருவதே செலவழித்த பணத்துக்குத் தகும்.

பயணமும் முன்போல் எட்டாக்கனியன்று. பாந்திரா முனையத்திலிருந்து கட்ரா வரை சுவராஜ் விரைவு வண்டி செல்கிறது. 2025 ஜூன் 6 அன்று கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் வண்டி தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடப்பதே ஒரு காட்சி. விமானக் கட்டணம் கட்டுப்படியாகாத குடும்பமும் ரயிலிலேயே காஷ்மீரை அடையலாம்.

இனி, பணம். நால்வருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று நாங்கள் இலக்கு வகுத்தோம். உடனே கிடைக்கும் வழி தனிநபர் கடன். ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டி, 24 மாதங்கள் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 4,800 ரூபாய். இரண்டாண்டு முடிவில் வட்டி மட்டுமே 15,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதே 4,800 ரூபாயை 6 விழுக்காடு வட்டி தரும் தொடர் வைப்பில் மாதந்தோறும் செலுத்தினால், 20 மாதங்களில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரே தொகை, ஒரே ஒழுக்கம். ஒன்றில் பனி உருகிய பின்னும் தவணை நிற்கிறது. மற்றொன்றில் நான்கு மாதம் முன்னதாகவே பணம் சேர்ந்துவிடுகிறது. வங்கியின் இதழில் கடனுக்கு எதிராக எழுதுகிறோமே என வாசகர்கள் வியக்கலாம். வீட்டுக்கும் கல்விக்கும் தொழிலுக்கும் கடன் துணை. மகிழ்ச்சிக்குச் சேமிப்பே துணை.

சீட்டுப் பிடித்துத் தீபாவளியைக் கொண்டாடும் எங்கள் தெருக்களுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. ஏப்ரலில் தொடங்கினால், மறு ஆண்டு நவம்பரில் இருபதாம் தவணை. டிசம்பரில் முதிர்வுத் தொகை கைக்கு வரும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; ஆகவே பிப்ரவரிப் பயணத்துக்கு அதுவே தக்க தருணம். ஊர்ச் செலவுக்கான பணத்தை வேறு கணக்கில் வைத்துக்கொள்வது நலம். இரண்டும் கலந்தால் கொடைவிழா பனிமலையை விழுங்கிவிடும்.

எச்சரிக்கைகளும் உண்டு. முதலாவது, பனி நம் கட்டளைக்கு வருவதன்று. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றி வறண்டு கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனிப்பற்றாக்குறையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. எனவே கட்டணம் திரும்பக் கிடைக்கும் விடுதியையே பதிவு செய்ய வேண்டும். இரண்டாவது, மூச்சுத்திணறலோ இதய நோயோ உள்ள முதியவர்கள் மருத்துவரைக் கேளாமல் அஃபர்வாட்டுக்கு ஏறக் கூடாது. மூன்றாவது, பல பயணக் காப்பீடுகள் சாகச விளையாட்டில் நேரும் காயத்தை விலக்கி வைக்கின்றன. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துக் கையொப்பமிடுங்கள். நான்காவது, குறிக்கப்பட்ட தடங்களை விட்டு விலகாதீர்கள். 2023 பிப்ரவரியில் அஃபர்வாட் சரிவில் நேர்ந்த பனிச்சரிவில் தேர்ந்த வெளிநாட்டு வீரர்களே உயிரிழந்தார்கள்.

சிறு செய்திகள் இரண்டு. பிற மாநிலங்களின் முன்கட்டணச் சிம் அட்டைகள் அங்கே இயங்குவதில்லை. கைப்பேசியை மட்டும் நம்பிச் சென்றால் பணம் செலுத்தவும் இயலாது. பின்கட்டண இணைப்பு ஒன்றும், சற்று ரொக்கமும், வங்கி அட்டையும் கொண்டு செல்லுங்கள். தாராவித் தோல் மேலங்கி நகரக் குளிருக்கு அழகு. பனியில் விழுந்து நனைந்தால் கனத்துவிடும். நீர்புகாத மேலங்கியும் காலணியும் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

அங்கே பனிவண்டி இழுப்பவரும், சறுக்குக் கட்டைகளைச் சுமப்பவரும், சாலையில் பனியை வாரி ஒதுக்குபவரும் சில மாத வருமானத்தில் ஆண்டை ஓட்டும் உழைப்பாளிகள். உழைப்பாளர் முகாம் என்றே பெயர்கொண்ட இடத்திலிருந்து செல்லும் நாம், அவர்களின் கூலியில் பேரம் பேசி மிச்சம் பிடிக்க வேண்டாம். அச்செலவையும் திட்டத்தில் எழுதிவிட்டோம்.

எங்கள் முதல் தவணை ஏப்ரலில் செலுத்தப்பட்டது. உருகிப் போவதற்கா பணம் என்று கேட்ட பெரியவர், இப்போது மாதந்தோறும் ஐந்தாம் தேதி, தவணை கட்டியாயிற்றா என்று கேட்கிறார். அம்மா கேட்டது ஒன்றே: “அங்கே உண்மையிலேயே நான் சமைக்க வேண்டாமா?”