சித்திர வகுப்புக்கு ஒரு முழுநேர ஆசிரியர்

திருச்சுழி வட்டாரத்துத் தொடக்கப் பள்ளியொன்றில் குழந்தைகளிடம் தாளைக் கொடுத்து, விருப்பமானதை வரையுங்கள் என்று சொன்னால், பெரும்பாலான தாள்களில் இரண்டு மலைகளும், நடுவே உதிக்கும் சூரியனும், கீழே ஓர் ஆறும், கரையில் குடிசையும் தென்னையுமே காணக் கிடைக்கும். கரிசலும் செவலும், கண்மாய்க் கரையும், பனையும், சீமைக்கருவேலமுமாக விரிந்து கிடக்கும் பூமியில் பிறந்த குழந்தை, தினந்தோறும் தான் பார்ப்பதை விட்டு, எவரோ பலகையில் போட்டுக் காட்டியதையே சித்திரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. தன் கண் கண்டதும் தன் மனத்தில் கிடப்பதும் வரையத் தகுந்தவையே என்று அதற்கு உணர்த்த, அருகிலேயே தங்கியிருக்கும் கலைஞர் ஒருவர் வேண்டும்.

இவ்விஷயத்தில் ஓவியர் தேவிபிரசாத்தின் வாழ்க்கை நமக்கு நல்ல வழிகாட்டி. 1921இல் டேராடூனில் பிறந்து, சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற அவர், நகரத்துக் கண்காட்சிகளை நாடியிருக்கக்கூடிய வயதில், 1944இல், காந்தியடிகளின் சேவாகிராமப் பள்ளிக்குக் கலை ஆசிரியராக வந்து சேர்ந்தார். அங்கே தம் மனைவி ஆஷாதேவியோடு ஆதாரக் கல்விப் பணியை நடத்திவந்த ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்பது நாம் பெருமையோடு நினைவுகொள்ள வேண்டிய செய்தி. நூற்பும் வேளாண்மையும் பாடங்களாக அமைந்த அப்பள்ளியில் தேவிபிரசாத் பல்லாண்டுகள் தங்கி, குழந்தைகளின் படங்களைச் சிரத்தையோடு ஆராய்ந்து, கலையே கல்விக்கு ஆதாரம் என்ற முடிவுக்கு வந்து, அதை நூலாகவும் எழுதினார். 1962இல் லண்டன் சென்று, சர்வதேசப் போரெதிர்ப்பாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராகப் பணிபுரிந்ததும் அதே பாதையின் தொடர்ச்சிதான். சிருஷ்டியின் ஆனந்தத்தை இளமையில் அறிந்த மனம் அழிவை விரும்பாது.

துயருற்ற மனத்தைக் கலை தேற்றும் என்பதற்கு இலங்கையின் மட்டக்களப்பு சாட்சி. கனடாவில் குழந்தைகளுக்கான மறுவாழ்வு மருத்துவமனையொன்றில் தோட்டத்தையும் கலையையும் இணைத்துப் பணியாற்றிய பால் ஹோகன் என்ற கலைஞர், உளவளத்துணையாளரான பால் சற்குணநாயகம் அடிகளாருடன் சேர்ந்து, 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார். யுத்தம் தீண்டிய தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் ஒரே மரநிழலில் களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து வந்தார்கள். உடனிருந்து நடத்தியவர்களோ பெரும்பாலும் அப்பகுதி இளைஞர்கள். வாயால் சொல்ல இயலாத துக்கத்தைக் கை சொல்லுவதற்கு அவகாசம் வேண்டும்; நேற்றிருந்த முகமே நாளையும் இருக்கும் என்ற தைரியமும் வேண்டும்.

கல்விக்கு ஆதாரமான கலை, துயர் தேற்றும் கலை, இவ்விரண்டும் நம் சீமைக்குத் தேவை. அருப்புக்கோட்டைத் தறிவீட்டுப் பிள்ளை, தார் சுற்றும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தே, ஒரு சாயத்துக்கும் அதையொட்டிய மறுசாயத்துக்கும் உள்ள பேதத்தைக் கண்ணால் பழகிக்கொள்ளுகிறது. பள்ளிக்கூடமோ அந்த ஞானத்தைக் கேட்பதேயில்லை. மழை பொய்த்த வருஷத்தில் பெற்றோர் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட, பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட குழந்தையின் ஏக்கத்துக்கும் காலஅட்டவணையில் இடமில்லை. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,000க்கு மேற்பட்டோர், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு நியமிக்கப்பட்டார்கள். நியமனம் வரவேற்கத்தக்கதே, ஆயினும் பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நிற்க நேர்ந்த உபாத்தியாயர், குழந்தையின் மனத்துக்குள் நிதானமாக நுழைவது எங்ஙனம்?

எனவே அரசினரை நாம் கேட்டுக்கொள்வது இது: நம் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் முழுநேரச் சித்திர ஆசிரியரை நிரந்தரமாக நியமியுங்கள், குழந்தைகளின் மனநலம் பேணும் பயிற்சியையும் அவருக்கு அளியுங்கள். சித்திர வகுப்பைக் கணக்குக்குக் கடன் வாங்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் கைவிடட்டும். நம் வட்டாரத்து ஓவியர்களையும் வேண்டுகிறோம்: ஆண்டுவிழாவுக்கு வந்து மாலை வாங்கிப் போவதோடு நிறுத்திக்கொள்ளாமல், வாரம் ஒரு மாலைப்பொழுதை அருகிலுள்ள பள்ளி ஒன்றுக்குக் கொடுத்து, அதை ஆண்டு முழுவதும் தவறாமல் நடத்துங்கள்.