போதாது என்பதும் விடையே

“வகுப்பில் மாறன் 7ஆம் இடம், மொத்த மாணவர் எத்தனை பேர்?” என வினவினால், விரைந்து கணக்கிடுதல் தகாது. கொடுத்த செய்தி போதுமா என முதலில் ஆராய்தல் வேண்டும். “கடைசியிலிருந்து 12ஆம் இடம்” என்பதும் தனித்துப் போதாது. எவரும் சம இடம் பெறாதபோது, இரண்டையும் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட மாறனுக்காக ஒன்றைக் கழித்தால், 18 பேர் என்பது தெளிவாகும்.

இப்பயிற்சி வாழ்வுக்கும் உரியது. எழுவரில் 7ஆம் இடம் கடைசி. நாற்பதின்மரில் அதுவே முன்வரிசை. மதிப்பெண் வேறுபாடு எவ்வளவு என்பதையும் இடம் உரைக்காது. 2019 முதல் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் வகுப்பில் பெற்ற இடம் குறிக்கப்படுவதில்லை. அது நன்றே. ஓர் எண்ணைக் கண்டு ஒரு மாணவனை மந்தன் என முடிவு கட்டுவோர்க்கு நாம் கூறவேண்டிய விடை இதுவே: “செய்தி போதாது!”