மோட்டார் புத்தகமும் நம் புத்தியும்

வள்ளத்தின் பின்புறம் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு மோட்டாரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நமது கடற்கரையில் அநேகம். நடுக்கடலில் அது நின்றுவிட்டால் உயிருக்கே மோசம். அப்படியிருக்க, அதைப் பழுது பார்க்கும் வித்தை மெக்கானிக்குக்கே உரியது, மற்றவர் மூடியைத் திறக்கவும் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். மனிதன் செய்த எந்திரத்தை மனிதன் எழுதிய புத்தகத்தைக் கொண்டு திருத்த முடியாதா?

ஆனால் எந்தப் புத்தகம்? மோட்டாரோடு பெட்டியில் வரும் சிறு புத்தகத்தைச் சகலமும் அடங்கிய சாஸ்திரமென்று பலர் பத்திரப்படுத்துகிறார்கள். அது ஓட்டுவதற்குப் போதும். கஷ்டமான இடம் வந்ததும் வியாபாரியிடம் கொண்டுபோகச் சொல்லி முடிந்துவிடும். பழுது பார்க்க, கம்பெனியார் மெக்கானிக்குகளுக்காக அச்சிடும் சர்வீஸ் புத்தகமே வேண்டும். விலை அதிகந்தான். ஒரே மாதிரி மோட்டார் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து வாங்கட்டுமே! கிளைமர், செலோக் போன்ற வெளியார் பிரசுரங்கள் பல வருஷத்து மோட்டார்களை ஒரே அட்டைக்குள் அடக்கியிருக்கும். கற்றுக்கொள்ள உதவும் என்றாலும், நம் மோட்டாருக்குரிய வரி எதுவென்று பொறுக்கி எடுக்க வேண்டும்.

நிற்க. அட்டைப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். யமஹா 40 குதிரைசக்தி என்றால் அதில் டூ-ஸ்ட்ரோக்கும் உண்டு, ஃபோர்-ஸ்ட்ரோக்கும் உண்டு. முன்னதில் எண்ணெய் பெட்ரோலோடு எரிந்துபோகும். பின்னதில் தனியே தங்கியிருக்கும். ஒன்றின் புத்தகம் மற்றதற்கு எப்படிப் பொருந்தும்? மோட்டாரை வள்ளத்தில் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் தகட்டிலுள்ள மாடலையும் நம்பரையும் குறித்துக்கொண்டுபோய்ப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பணங் கொடுக்குமுன் புத்தகத்துக்கும் ஒரு பரீட்சை வைக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். கியர் ஆயில் மாற்றும் பக்கத்தைப் புரட்டுங்கள். மேலும் கீழுமுள்ள இரண்டு திருகையும் கழற்றி, கீழ்த் துவாரத்தின் வழியாக எண்ணெயை ஏற்றி, மேல் துவாரத்தில் வழிந்தபின் மேல் திருகை முதலில் மூடச் சொல்லியிருக்கிறதா? மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி, நிறைந்துவிட்டதுபோல் ஏமாற்றும். வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்துவிட்டதென்று சொல்லியிருக்கிறதா? "எண்ணெயை மாற்றவும்" என்று ஒரே வரியில் நிறுத்தும் புத்தகம் நமக்கெதற்கு? போல்ட்டுகளை எவ்வளவு முறுக்குவதென்பதற்கு எண் கொடாமல் "நன்றாக முறுக்கவும்" என்றிருந்தாலும் கீழே வைத்துவிடலாம். யார் கைக்கு நன்றாக?

கம்பெனி இருக்கும்போது கவலையென்ன என்பார்கள். 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கிய எவின்ரூட் மோட்டாரின் உற்பத்தியே 2020-இல் நிறுத்தப்பட்டது. அதை வாங்கியவர்களுக்கு இனிப் புத்தகமும் கையும் பெருந்துணை.

புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதே என்கிறீர்களா? பள்ளிக்கூடம் போகும் உங்கள் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படத்தை நீங்கள் பாருங்கள், எழுத்தை அவள் பார்க்கட்டும். ஸ்பானரையும் அவளிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.