குற்றம் வாக்காளர் மேல் மட்டுமா?



"வட அயர்லாந்தில் அவ்வளவு படித்தும் இன்னும் மதம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். மக்கள் சரியில்லை" என்று நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நடந்ததைப் பாருங்கள். 2012-இல் அங்கே மரத்துண்டு எரிக்கும் கொதிகலன்களுக்கு மானியம் கொடுத்தார்கள். 1 பவுண்டுக்கு எரித்தால் 1.60 பவுண்ட் மானியம்! எரிக்க எரிக்க லாபம். அந்தத் துறையின் அமைச்சர் பிறகு முதல் அமைச்சரும் ஆனார். விவகாரம் வெடித்து, 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி விலக, ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தல். வட அயர்லாந்தின் 18 இடங்களில் 17 அந்த இரண்டு ஆளுங்கட்சிகளுக்கே போயின.

ஏன்? தன் கட்சியைத் தண்டித்தால் எதிர்ச் சமூகத்தின் கட்சி முந்திவிடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு உரம் போடுவது சட்டம். சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஐக்கியவாதியா, தேசியவாதியா, மற்றவரா என்று பதிய வேண்டும். இரு சமூக ஒப்புதல் தேவைப்படும் முக்கிய முடிவுகளில் 'மற்றவர்' ஓட்டுக்கு அதே எடை கிடையாது. 2022-இல் 90 இடங்களில் 17 வென்ற அலையன்ஸ் கட்சிக்கும் இதே கதிதான். நடுவில் நிற்பவருக்குப் போடும் ஓட்டின் மதிப்பைச் சட்டமே குறைத்துவிட்டு, வாக்காளரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இரு தலைவர்களில் ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். அதனால் 2017 முதல் 2020 வரை மூன்று ஆண்டு, 2022 முதல் 2024 வரை இரண்டு ஆண்டு முழுமையான ஆட்சி இல்லை. முதல் முறை ஒரு கட்சி, அடுத்த முறை மற்றது. 2024 ஜனவரியில் ஆசிரியர்கள், செவிலியர்கள் உட்பட லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பிணக்கு கட்சிகளுக்குள், பட்டினி ஊழியருக்கு.

1998 ஒப்பந்தத்தை நான் பழிக்கவில்லை. சுமார் 3,500 உயிர்களைக் குடித்த முப்பதாண்டு மோதலை முடித்தது அது. ஆனால் சண்டையை நிறுத்தப் போட்ட வேலி, ஆளுங்கட்சிகளைக் காக்கும் கோட்டையாகிவிடக் கூடாது. ஒரு பையன் கோபித்துக்கொண்டு வெளியேறினால் பள்ளிக்கூடத்தையே பூட்டுவோமா?

விலகும் கட்சி விலகட்டும், ஆட்சி தொடரட்டும். எல்லா உறுப்பினரின் ஓட்டுக்கும் ஒரே எடை கொடுங்கள். அதற்குப் பிறகும் மக்கள் தவறாக ஓட்டுப் போட்டால், அப்போது திட்டலாம் தம்பி.