குவியலுக்குள் ஒரு கை



சவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் விளைவிக்கும் சாமை இன்று நம் இல்லங்களுக்கும் வந்து சேர்கிறது. அறுவடை நேரத்தில் மழை பிடித்து, தானியம் சரிவரக் காயாமல் மூட்டையில் கட்டப்பட்டால், உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும். மேற்புறத்து மணிகளோ பார்வைக்குப் பழுதின்றி இருக்கும்.

இது முடைநாற்றத்தோடு முடிந்துவிடும் காரியமன்று. 1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டோரிடையே மஞ்சள் காமாலை கண்டது. நோயுற்ற 397 பேரில் 106 பேர் மாண்டனர். பூஞ்சணம் சுரக்கும் ‘அஃப்ளாடாக்ஸின்’ என்னும் நச்சே காரணமென ஆய்வில் தெரிந்தது. கல்லீரலைத் தாக்கும் இந்நச்சு, சாதாரணச் சமையலில் அழிந்துவிடுவதில்லை.

ஆகவேதான் பரிசோதனைக் கூடங்கள் தேவைப்படுகின்றன. அங்கே தானியத்தை அரைத்து நீரில் கரைத்து, ஊட்டக்கூழ் கொண்ட தட்டில் இட்டு, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 நாட்கள் வைத்து, முளைக்கும் பூஞ்சணத் திட்டுகளை எண்ணுகின்றனர். பூஞ்சணம் மடிந்த பின்பும் நச்சு தங்கிவிடுமாதலால், அதனைத் தனியே அளக்கின்றனர். நம் நாட்டில் தானியத்திற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் மட்டுமே.

ஆயினும் நச்சு மூட்டை முழுவதும் ஒரே அளவாய்ப் பரவியிருப்பதில்லை. ஒருசில மணிகளிலேயே திரண்டிருக்கும். எனவே மூட்டையின் பல இடங்களிலும், அடியிலும் நடுவிலும், மாதிரி எடுக்க வேண்டும். வணிகர் மேலே உள்ள நல்ல மணிகளை மட்டும் அள்ளி அனுப்பினால், கூடம் தரும் சான்றிதழ் உண்மையாகவே இருக்கும். அதைக் காட்டி விற்பவரே பொய்யராவார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவிய நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

சகோதரிகளே! பூஞ்சணம் பிடித்த தானியத்தைக் கழுவி உலர்த்திச் சமைக்காதீர்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், நச்சு பாலின் வழியே நம் பிள்ளைகளிடமே திரும்பும். வாசலில் நிற்கும் ஏழைக்கு ஸதக்காவாகவும் ஈயாதீர்கள். நாம் உண்ணத் தயங்குவதைப் பிறருக்கு ஈவது தர்மமாகாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நாணயம் பேணும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.