நைஜீரியாவும் நம் தறியும்

தாம்பரம் ரயில் நிலையத்தை அடுத்த கடைவீதியிலும் சேலையூர்ச் சாலையிலும் ஆப்பிரிக்க மாணவர்களைக் காண்பது இன்று புதுமையன்று. இப்பகுதிக் கல்லூரிகளில் பயில வந்தவர்கள் அவர்கள். நம்மவரிற் பலர் ‘ஆப்பிரிக்காக்காரர்’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றனர். எந்தத் தேசம், என்ன மொழி, என்ன தொழில் என்று வினவுவாரில்லை. நெசவுத் தொழிலில் உள்ள நமக்கு இந்த அலட்சியம் தகாது. ஏனெனில், அக்கண்டத்துத் தேசம் ஒன்று நம் கரையில் நெய்த துணியைத் தலைமுறை தலைமுறையாக உடுத்து வந்திருக்கிறது. அத்தேசம் நைஜீரியா.

சோழமண்டலக் கரையில் கட்டம் போட்டு நெய்த பருத்தித் துணி, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் காலத்திலேயே லண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தது. ‘மதராஸ் கைக்குட்டை’ என்பது அதன் வியாபாரப் பெயர். பெயரில்தான் கைக்குட்டை, உண்மையில் இடையிலும் தலையிலும் உடுக்கும் துணி அது. பழைய சென்னை மாகாணத்துச் சீராலா அதற்குப் பெயர் பெற்ற ஊர். அந்நாளில் அடிமை வியாபாரத்திலும் இந்தியத் துணி பண்டமாற்றாகச் சென்றது என்ற துயரத்தை நாம் மறைத்தல் கூடாது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் இத்துணியை ‘இஞ்சிரி’ என்கின்றனர். குழந்தைப் பிறப்பிலும் இறுதிச் சடங்கிலும் அதற்கு இடமுண்டு. அம்மக்களின் பெண்கள் கட்டத் துணியில் சில இழைகளைக் கத்தியால் வெட்டி உருவி, புதிய சித்திரங்களை உண்டாக்குகின்றனர். நாம் நெய்ததை அவர்கள் மறுபடியும் தம் கைவேலையால் தமதாக்கிக் கொள்கின்றனர் என்பது இதன் பொருள்.

நைஜீரியாவின் பரப்பு 9,23,768 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு. நைஜர், பெனுவே என்னும் இரு பெரு நதிகள் லொகோஜா என்னுமிடத்தில் கூடித் தெற்கே கடலில் கலக்கின்றன. தென்பகுதி மழையும் காடும் மிக்கது. வடக்கே செல்லச் செல்ல நிலம் வறண்டு, புல்வெளியாகிப் பாலையை நெருங்குகிறது. மக்கள்தொகை 20 கோடிக்கு மேல்; ஆப்பிரிக்காவில் இதுவே முதலிடம். ஹௌசா, யொரூபா, இக்போ என்பன பெரிய சமூகங்கள்; மொழிகளோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவை.

ஆங்கிலேயர் 1914-இல் வடக்கையும் தெற்கையும் ஒன்றாக இணைத்தனர். 1960 அக்டோபர் 1-இல் தேசம் விடுதலை பெற்றது, 1963-இல் குடியரசாயிற்று. 1966-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பட்டினியாலும் எண்ணற்றோர் மாண்டனர். இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1999 வரை ராணுவத்தாரே ஆண்டனர். அவ்வாண்டு முதல் ஜனாதிபதியைத் தேர்தல் மூலம் தெரிந்தெடுக்கும் முறை நிலவுகிறது. 36 மாநிலங்களும் அபுஜா என்னும் தலைநகர்ப் பிரதேசமும் கொண்ட கூட்டாட்சி அது.

இனிப் பொருளாதாரத்தைக் கவனிப்போம். நமக்குரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. விடுதலையின்போது வடக்கே நிலக்கடலையும் பருத்தியும், மேற்கே கொக்கோவும், கிழக்கே பனையெண்ணெயும் அத்தேசத்தின் செல்வங்களாயிருந்தன. கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த காட்சி உலகறிந்தது. 1956-இல் ஒலோய்பிரி என்னும் ஊரில் பெட்ரோலிய எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1970-களின் நடுவில் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எண்ணெயிலிருந்தே கிடைத்தது. நிலக்கடலைக் கோபுரங்கள் மறைந்தன; உணவுப்பொருளைக்கூட வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. 1980-களில் எண்ணெய் விலை சரிந்தபோது, தாங்கிப் பிடிக்க வேறு தூண் இல்லை. 1957-இல் கடுனாவில் ஓடத் தொடங்கிய துணி ஆலையும், பின்னர் எழுந்த ஆலைகள் பலவும் காலப்போக்கில் கதவடைத்தன.

எண்ணெய் வந்ததனால் மட்டும் பயிர்த்தொழில் நலிந்தது எனல் முழு உண்மையன்று. 1940-களின் இறுதியில் அமைந்த விற்பனை வாரியங்கள், உலக விலைக்குக் குறைந்த விலையையே விவசாயிக்குக் கொடுத்தன. விலை வீழும் காலத்தில் உதவுவதற்காக என்று சேர்த்த அந்த மிச்சம், அரசாங்கத்தாரின் வேறு செலவுகளுக்குப் போயிற்று. விளைவித்தவன் கைக்கு அது திரும்பவில்லை. 1986-இல் அவ்வாரியங்கள் கலைக்கப்பட்டன.

கூட்டுறவிலும் அத்தேசம் நமக்கு உறவே. சென்னை மாகாணத்து அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள் 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலின. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஐக்கிய நாணய சங்கம் தோன்றியது. பஞ்சாபில் கூட்டுறவுப் பதிவாளராயிருந்த ஸ்டிரிக்லண்ட் இந்திய அனுபவத்தோடு நைஜீரியா சென்று 1934-இல் அறிக்கை தந்தார். 1935-இல் அங்கே கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. 1953-இல் இபாதான் நகரில் கொக்கோ விவசாயிகளின் பலத்தால் கூட்டுறவு வங்கியும் எழுந்தது. அவ்வங்கி 2006-இல் பிற வங்கிகளோடு இணைந்து, கூட்டுறவு என்ற பெயரையே இழந்தது. இந்த விதை நம் மண்ணிலிருந்து சென்றது. அங்கே அதற்கு நேர்ந்தது இங்கே நேராது என்று யார் உறுதி கூற முடியும்?

நம் நிலையைப் பாருங்கள். நைஜீரிய அரசாங்கம் அந்நியத் துணி இறக்குமதியைத் தடை செய்த காலங்கள் உண்டு. தன் தேசத்து ஆலையைக் காக்க அது செய்தது தவறன்று. ஆனால் அந்த ஒரு சந்தையையே நம்பியவன் தறி அன்று என்னாகும்? வெளிநாட்டுச் சந்தை மட்டுமன்று. உள்ளூரிலும் இதே கதைதான். 1983 முதல் நடந்துவரும் இலவச வேட்டி சேலைத் திட்டம் நெசவாளரின் அடுப்பை எரியச் செய்தது. அதற்கு நன்றி பாராட்டுவோம். எனினும், அந்த உத்தரவு ஒன்றையே நம்பி, வேறு ரகம் நெய்ய மறந்த சங்கம், எண்ணெய்க் கிணறு ஒன்றையே நம்பிய தேசத்துக்கு ஒப்பாகும். உத்தரவு தாமதித்தால் கூலி நிற்கும். கூலி நின்றால் மகன் தறியை விட்டுத் தொழிற்சாலை வாயிலுக்குப் போவான். போனவன் திரும்பி வருவதில்லை.

ஆதலின் அங்கத்தினர்கள் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். நம் துணியில் எத்தனை பங்கு ஒரே கொள்முதலாளரிடம் போகிறது? அந்த வழி அடைபட்டால் நெய்வதற்கு வேறு ரகம் தயாராக உண்டா? சேமநிதியில் சேரும் மிச்சம் நெய்தவனுக்கும் விளைவித்தவனுக்கும் எப்போது, எவ்வாறு திரும்பும்? இவற்றுக்குக் கணக்கோடு விடை சொல்வது நிர்வாகக் குழுவின் கடமை. கேட்பது நம் கடமை.

அடுத்த முறை தாம்பரத்தில் அம்மாணவரைச் சந்தித்தால், அவர் ஊரில் என்ன விளைகிறது, எத்துணி உடுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். வாங்குபவரை அறியாதவன் நீண்டகாலம் விற்க முடியாது.